கொசுறாக வந்த கொல்லை

என் வீட்டுக்காரியைக் கொல்லைக்குள் இழுத்துக்கொண்டு போனவன் நீதான். ஊர் என்னைச் சொல்கிறது. சொல்லட்டும், வெங்காயம் அழுகினால் சாக்கைத் திட்டுகிற ஊர் இது. மழையில் அறுத்தவன் யார், ஈரத்தோடு மூட்டை கட்டியவன் யார் என்று ஒருத்தனும் கேட்க மாட்டான். நான் கேட்பேன். சிரித்துக்கொண்டே கையை விரித்து, ஒரு அளவும் சொல்லாமல், "எடுத்துக்குங்க அண்ணாச்சி, பின்பக்கம்தானே" என்று தூக்கிக் கொடுத்தாயே, அந்தக் கையை எங்கே கொண்டுபோய் ஒளித்து வைத்திருக்கிறாய்?

மறந்திருப்பாய். கொடுத்தவனுக்கு மறந்துபோகும், வாங்கினவன்தான் வைத்துக்கொண்டு திண்டாடுவான். ஞாபகப்படுத்துகிறேன்.

நாலுவழிச் சாலையை விட்டு இறங்கினால், கருவேலத்தை வழித்தெடுத்த செம்மண்ணில் மனைக்கல் நட்டு மஞ்சள் அடித்து, இரண்டு பக்கமும் சிமென்ட் யானை நிறுத்தி, 'மங்கள விருட்சம் நகர்' என்று வளைவு கட்டியிருந்தாய். விருட்சம் எங்கேயென்று பார்த்தால் உன் ஆபீஸ் வாசலில் தொட்டிக்குள் ஒரு குரோட்டன்ஸ் நின்றது. நானும் தவமணியும் வெயிலில் வந்து இறங்கினோம். கல்யாணம் ஆன நாள் முதல் வளவு வீட்டில் காலம் தள்ளியவள் அவள். எல்லாக் குடித்தனத்துக்கும் ஒரே முற்றம், ஒரே குழாய், ஒரே கொடி. சேலையை முழு நீளத்துக்கு விரித்து அவள் காயப்போட்டதே கிடையாது; நாலாக மடித்து, பக்கத்து வீட்டுக்காரி பாவாடைக்கும் எதிர் வீட்டுக்காரன் கைலிக்கும் நடுவே சொருகி, உள்மடிப்பு காயாமல், அந்த ஈர வாசத்தோடேயே எடுத்துக் கட்டி, அந்த வாசத்தோடேயே எனக்குச் சோறு போட்டவள். வெங்காயக் கமிஷன் கடை எனக்குக் கை கொடுத்த பிறகு, "என்னடி வேணும், கேளு" என்றேன். "நகை வேணாம், மாடி வேணாம். சேலையை மடிக்காமக் காயப்போட ஒரு கொல்லை வேணும்" என்றாள்.

நீ காட்டிய மனையில் வீடு போக, பின்னால் ஒரு சேலை நீளத்துக்கு இடம் மிஞ்சியது. அவள் முந்தானையை ஒரு கல்லில் வைத்து அடியெடுத்துப் பார்த்துவிட்டு, "சரியா இருக்குங்க, வாங்க போவோம்" என்றாள். பேச வேண்டியதை எல்லாம் நானும் நீயும் பேசி முடித்தோம். நீ ஏற, நான் இறக்க, நீ நெஞ்சில் கை வைக்க, நான் செருப்பை மாட்ட, கடைசியில் உன் பக்கமும் இல்லாமல் என் பக்கமும் இல்லாமல் நடுவில் வந்து நின்றது. அப்போது கேட்டேன்.

"எல்லாம் சரி தம்பி. கொசுறு?"

நீ வாய்விட்டுச் சிரித்தாய். "என்ன அண்ணாச்சி, இடத்துக்கு ஏது கொசுறு? இது என்ன கத்தரிக்காயா?"

"கத்தரிக்காய்க்கே கறிவேப்பிலை கொசுறு உண்டு. காலத்துக்கும் கெடக்கிற மண்ணுக்கு இல்லையா?"

தவமணி என் சட்டையைப் பின்னால் பிடித்து இழுத்தாள். நான் எழுந்தேன். நான் எழுந்தால் பேரம் கலைந்துவிடும் என்று உனக்குத் தெரியும். உடனே, மேசையில் விரித்திருந்த மனைப் படத்தின் மேல் இருந்த கையை எடுத்து, என் முகத்துக்கு நேராக விரித்து, அந்த வார்த்தையைச் சொன்னாய். எடுத்துக்குங்க அண்ணாச்சி, பின்பக்கம்தானே. எவ்வளவு என்று நீ சொல்லவில்லை. இவ்வளவு என்று நானும் சொல்லவில்லை. கொசுறுக்கு யாராவது தராசு வைப்பார்களா?

வீடு எழும்பியது, பால் காய்ச்சிக் குடிவந்தோம். கொல்லைக்கு என்ன செய்வது என்ற பேச்சு வந்தது. எனக்கு ஆசை, நான்கு பேர் பார்த்து வாயைப் பிளக்கிற மாதிரி செய்ய வேண்டும் என்று. தோட்டம் அமைத்துத் தருகிற பிரதாபன் என்ற பையனைக் கூப்பிட்டேன். காதில் கடுக்கன், மடியில் கம்ப்யூட்டர். இங்கே கொரியன் புல், இங்கே வெள்ளைக் கூழாங்கல், மதிலோரம் மூங்கில், நடுவில் தண்ணீர் வழிகிற புத்தர் தலை என்று படம் படமாகத் தள்ளினான்.

தவமணி எட்டிப் பார்த்தாள். "தலை மட்டுமா? பாவம், உடம்பை எங்க வச்சிருக்கீங்க தம்பி?"

"அது ஃபேஷன் ஆன்ட்டி."

"காய்ஞ்ச சேலை அது மேல விழுந்தா முக்காடு போட்ட மாதிரில்ல இருக்கும்?"

அவன் கம்ப்யூட்டரை மூடிக்கொண்டான். அவளுடைய படம் தரையில் இருந்தது. கோலமாவை எடுத்துக்கொண்டு போய்க் கொல்லை மண்ணிலேயே இழுத்து வைத்திருந்தாள். சதுரமாக ஒன்று, துவைக்கிற கல். குளியலறைத் தண்ணீர் வெளியேறுகிற வாயில் இரண்டு வட்டம், வாழை. ஓரமாகக் கட்டம் கட்டமாக அவரைப் பந்தல். கதவிலிருந்து மதில் வரைக்கும் நேராக ஒரே கோடு, கொடிக்கயிறு. மதிலின் காலடியில் ஒரு சின்னப் புள்ளி. அது என்னவென்று கேட்டேன். "கறிவேப்பிலை" என்றாள். பிரதாபனிடம் செடிகள் பேசி முடித்தபோது கொசுறாக ஒரு கறிவேப்பிலைக் கன்றை நான்தான் வாங்கியிருந்தேன். அதை அந்தப் புள்ளியிலேயே குழி பறித்து அவளே நட்டாள்.

முதலில் கோலமாவுதான் காட்டிக்கொடுத்தது. வாழைக்குப் போட்ட வட்டம் முட்டை மாதிரி நீண்டு கிடந்தது. நேர்க்கோடு நடுநடுவே அறுந்து, அறுந்த இடமெல்லாம் வெறும் மண் தெரிந்தது. கோழி கிளறியிருக்கும் என்று நினைத்தாள். எங்களிடம் கோழி இல்லை. அடுத்து, கட்டியிருந்த கொடிக்கயிறு வீணைத் தந்தி மாதிரி விறைத்துக்கொண்டு போய், ஒரு மத்தியானம் தானாக அறுந்தது. புல்லாவது இருக்கட்டும் என்று நான் சொல்லியிருந்தேன்; பிரதாபன் பாயாகச் சுருட்டிய புல்லை வண்டியில் கொண்டுவந்து விரித்தான். பாதிதான் மூடியது.

"போன வாரம் நானே அளந்தேன் அங்கிள்" என்றான்.

"அளக்கும்போது டேப்பைப் பிடிச்சியா, போனைப் பிடிச்சியா?" என்று நான் கத்தினேன்.

அவன் என் கண்முன்னாலேயே திரும்ப அளந்து, குறித்துக்கொண்டு, மறுபடி வண்டி கொண்டுவந்தான். அப்போதும் பாதி. புல்பாய்களுக்கு நடுவே தெரு விழுந்த மாதிரி மண் தெரிந்தது. அவன் டேப்பைச் சுருட்டி, எனக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனான். அதற்குப் பிறகு வரவில்லை.

என் கொல்லைக்கு நேர் பின்னால், அடுத்த தெருவில், ஜெயசீலி டீச்சர் வீடு. அவருடைய இடத்தைத்தான் என் மதில் தின்கிறதோ என்று பயந்து நானே போய்க் கேட்டேன். டீச்சர் தன் மாடிக்குக் கூட்டிக்கொண்டு போனார். மேலிருந்து பார்த்தால் கொல்லை கொல்லையாகவே இருந்தது: ஒரு சேலை நீளம், இந்த முனையில் கதவு, அந்த முனையில் மதில், நடுவில் தவமணி வாளியோடு நின்றாள். அவருடைய மண்ணில் ஒரு பிடி குறையவில்லை. இறங்கி வந்து என் கதவைத் திறந்து பார்த்தால், மதில் அங்கே தள்ளி, சீட்டுக்கட்டை நிறுத்தி வைத்த மாதிரி நின்றது. வெளியே வளரவில்லை. உள்ளேதான் வளர்ந்தது. நீ கொடுத்தது வந்துகொண்டே இருந்தது.

எனக்குச் சந்தோஷம்தான், ஏன் மறைக்க வேண்டும்? எவனுக்காவது கிடைக்குமா?

ஊருக்குச் செய்தி பரவியது, ஊரும் அசரவில்லை. மழை பெய்தால் குடையை எடுக்கிற மாதிரி எடுத்துக்கொண்டது. முதலில் நகர்க்காரப் பெண்கள் வடகம் பிழியவும் மிளகாய் காயப்போடவும் வந்தார்கள், பிறகு அவர்களுடைய அம்மா வீட்டு ஆட்கள் நெல்லோடு வந்தார்கள், ஆட்டுக்காரர்கள் வந்தார்கள், லாரி வைத்திருப்பவன் ராத்திரிக்கு நிறுத்திக்கொள்ளலாமா என்று கேட்டான், கட்சிக்காரர்கள் கூட்டம் போடலாமா என்றார்கள், மின்வாரியத்து ஆள் வந்து எட்டிப் பார்த்து, உள்ளே கம்பம் நடுவதென்றால் அது தனிக் கிராமத்துக்கான மனுவாகத்தான் வரும் என்று சொல்லிவிட்டுக் காபி குடித்துப் போனார். எல்லோரையும் என் வரவேற்பறை வழியாகத்தான் உள்ளே விட வேண்டியிருந்தது. சோபாவைச் சுவரோரம் ஒதுக்கி ஆடுகளுக்கு வழி விட்டோம். தவமணி புழுக்கையைக் கூட்டி அள்ளினாள். மற்ற மனைக்காரர்கள் வயிறு எரிந்து, எங்களுக்கும் கொசுறு வேண்டும் என்று உன் ஆபீசுக்குப் படையெடுத்தார்கள். அப்போதுதான் நீ ஆபீசைக் காலி செய்தாய். அவர்களுக்குப் பயந்தா ஓடினாய்? இல்லை, உன் கையைப் பார்த்து நீயே பயந்துவிட்டாயா?

ஒரு கல்யாணம் நடந்தது. டீச்சருடைய சொந்தத்தில் ஒரு பெண்ணுக்கு. மண்டபம் கிடைக்கவில்லை என்று என் கொல்லையில் பந்தல் போட்டார்கள். காலையில் தாலி கட்டும்போது சமையல் கொட்டகையும் பந்தலும் கூப்பிடு தூரத்தில் இருந்தன. பந்தியில் இலை போட்டு, உப்பு வைத்து, ஊறுகாய் வைத்து, சாம்பார் கொண்டுவரப் போனவன் போனவன்தான். ரசம் வந்து சேர்ந்தபோது ஆறி, மேலே ஆடை படிந்திருந்தது. பாயசம் வரவேயில்லை. மாப்பிள்ளையின் சித்தப்பா, "என்னய்யா, அடுப்பை அசலூர்லயா வச்சீங்க?" என்று கேட்டுவிட்டுப் பாதிச் சாப்பாட்டில் எழுந்தார். பிந்தி வந்தவர்கள் என் கதவிலிருந்து பந்தலுக்கு நடந்து சேரவே சாயங்காலம் ஆனது. அதற்குப் பிறகு ஆட்கள் வருவது குறைந்தது. வடகத்தை அவரவர் மாடியிலேயே பிழிந்துகொண்டார்கள். காணாமல் போன ஆடுகளுக்கு ஆட்டுக்காரர்கள் என்னைத் திட்டிவிட்டு, அவற்றை மறந்தார்கள். ஊர் ஒரு அதிசயத்தை வைத்துப் பிழைக்கவும் பழகிவிடும், அது இல்லாமல் இருக்கவும் பழகிவிடும்.

தவமணியால்தான் முடியவில்லை. மதில் தள்ளித் தள்ளிப் போக, அதன் காலடியில் இருந்த கன்றும் கூடவே போனது. குழாய் கதவோரம். காலையில் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு புறப்பட்டால் காபி நேரத்துக்கு வந்தவள், பலகார நேரத்துக்கு வந்தாள். பிறகு சமையல் நேரம் தப்பியது. பிறகு ராத்திரிக்கே சமைத்து மூடி வைத்துவிட்டு, இருட்டோடு கிளம்பினாள்.

"அந்தக் கன்னைப் புடுங்கிட்டு வந்து இங்க நடேன்டி" என்றேன்.

"வேர் பிடிச்சதைப் புடுங்கச் சொல்றீங்களா? என்னை வளவு வீட்ல கொண்டாந்து நட்டப்ப யாராச்சும் புடுங்குனாங்களா?"

"ஒரு கறிவேப்பிலைக்கு இவ்வளவு வீம்பா?"

குடத்தை இறக்கி வைத்தாள். முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "ஏங்க, ஒண்ணு கேக்குறேன். சேலை நீளத்துக்கு இங்கயே ஒரு சுவர் வைங்க. கன்னு அந்தப் பக்கம் போனாப் போயிட்டுப் போகுது, நான் வேற நட்டுக்கிறேன். எனக்கு இம்புட்டு எடம் எதுக்கு? கதவைத் தொறந்தா நெஞ்சு படபடங்குது. துணி காயப் போட்டா அது காயிற எடம் எனக்குத் தெரியணும்."

"வந்ததை வெளிய விட்டுச் சுவர் வைக்கிறதா? ஊரு சிரிக்கும்" என்றேன்.

"ஊரு எதுக்குத்தான் சிரிக்கல?" என்றாள். அவ்வளவுதான். அவள் கேட்பதை ஒரு முறைக்கு மேல் கேட்க மாட்டாள். நான் கேட்பதை விடவே மாட்டேன். எங்கள் குடித்தனம் அப்படித்தான் ஓடியது, நன்றாகத்தான் ஓடியது, உன் கை நடுவில் நீளுகிற வரைக்கும்.

அடுத்த நாளா அதற்கும் அடுத்த நாளா தெரியாது, தூக்குச்சட்டியில் புளிச்சோறு கட்டிக்கொண்டு, குடத்தோடு போனவள் திரும்பவில்லை. வெளிச்சம் மங்கியதும் நான் கொல்லை வாசலில் நின்று கூப்பிட்டேன். விடிந்ததும் பின்னால் போனேன். பிரதாபன் விரித்த புல்பாய்கள் ஒவ்வொன்றும் ஒரு வயல் தள்ளிக் கிடந்தன, காய்ந்து, பாய் மாதிரியே. கல்யாணப் பந்தலின் மூங்கில் ஒன்று வழியில் நின்றது. வெயில் உச்சிக்கு வந்தபோது திரும்பிப் பார்த்தேன். என் வீடு தீப்பெட்டி மாதிரித் தெரிந்தது. முன்னால் அவள், ஒரு மிளகு அளவுக்கு. வருகிறாள் என்றுதான் நினைத்தேன், கால் அசைந்தது. நான் அவளை நோக்கி நடக்கிறேன், அவள் என்னை நோக்கி நடக்கிறாள், நடுவில் மண் இருக்கிறதே, அது எங்கள் இரண்டு பேருடைய காலையும் விட வேகமாக, சத்தமே இல்லாமல், மாவு உப்புகிற மாதிரி உப்பிக்கொண்டே போனது. சாயங்காலம் அந்த மிளகு கடுகாகிவிட்டது. என் முழங்கால் விட்டுப்போய், ஊர்ந்து வீடு வந்து சேர்ந்தேன்.

அவளுடைய தம்பி அழகுமலை வந்தான். வாசலிலேயே என் சட்டையைப் பிடித்தான்.

"எங்கக்கா எங்க மாமா?"

"உள்ள இருக்கா."

"உள்ளன்னா?"

"கொல்லையில."

என்னைத் தள்ளிவிட்டு உள்ளே போனான். போகும்போது சவரம் செய்த முகம். திரும்பி வரும்போது தாடி நெஞ்சைத் தொட்டது. அவன் பையில் தண்ணீர் புட்டிகள் எல்லாம் காலி. வரவேற்பறையில் உட்கார்ந்து, ஒரு சொம்பு தண்ணீரைக் குடித்து முடித்த பிறகுதான் பேசினான். "முகம் தெரியிற மட்டும் போனேன் மாமா. அக்காதான். என்னைப் பார்த்து, வராத, திரும்பிப் போன்னு கையை ஆட்டுச்சு. இன்னொரு நாள் நடந்திருந்தா நானும் வந்திருக்க மாட்டேன்." பிறகு என் சட்டையை மறுபடி பிடிக்க அவனுக்குத் தெம்பில்லை. பிடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

காவல் நிலையத்துக்குப் போனேன். அங்கே இருந்தவர் பொறுமையாகத்தான் கேட்டார். கேட்டுவிட்டு, ஒரு ஏட்டய்யாவை ஜெயசீலி டீச்சர் மாடிக்கு அனுப்பினார். ஏட்டய்யா மேலேறிப் பார்த்தார். மேலிருந்து பார்த்தால் அவள் அங்கேதான், அவருடைய காலடிக்கு நேர் கீழே, ஒரு சேலை நீளத்துக்குள்ளே, மதிலுக்கும் கதவுக்கும் நடுவே, முழு ஆளாக, முந்தானையை இடுப்பில் சொருகிக்கொண்டு நிற்கிறாள். "யோவ், வீட்டுக்குள்ள நிக்கிற பொம்பளையக் காணோம்னு எப்படிய்யா எழுதுறது?" என்று கேட்டுவிட்டு இறங்கிப் போனார்.

அந்த மாடிதான் இப்போது எல்லோருக்கும். கூப்பிட்டால் அவளுக்குக் கேட்பதில்லை. அண்ணாந்து பார்ப்பதும் இல்லை. டீச்சர் ஒருநாள் இட்லிப் பொட்டலத்தை மேலிருந்து போட்டார். அது விழுந்தது, விழுந்துகொண்டே இருந்தது, புள்ளியாகி, அப்புறம் தெரியவில்லை. அதற்குப் பிறகு யாரும் எதையும் போடவில்லை. பார்ப்பதோடு சரி. குழந்தைக்குச் சோறு ஊட்டுகிறவர்கள், "அந்தா பாரு தவமணி அத்தை" என்று காட்டி ஊட்டுகிறார்கள். சம்பந்தம் பேச வந்தவர்களுக்குக் காட்டுகிறார்கள். நகர்ச் சங்கத்துக்காரர்கள், பார்க்க வருகிறவர்கள் உட்கார என்று மாடியில் ஒரு சிமென்ட் பெஞ்சு போட்டுக் கொடுத்தார்கள், அதில் கொடுத்தவர்களுடைய பேரும் எழுதினார்கள். யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. "நேத்தைக்கு இன்னிக்கு மெலிஞ்சிருக்கா" என்று ஒருத்தி சொல்வாள். "வெயில்ல அப்படித் தெரியும்" என்று இன்னொருத்தி சொல்வாள். பிறகு குழம்பு கொதிக்கிறது என்று இறங்கிப் போவார்கள்.

என் கதவு வழியாக அவளுடைய குரல் மட்டும் வரும். தாமதமாக வரும். முதலில் வந்தது, அவள் போன அன்று காலையில் சொன்னதாக இருக்க வேண்டும்: "ஏங்க, அடுப்புல பால் இருக்கு, எறக்கி வச்சிருங்க." அது வந்து சேர்ந்தபோது பால் தீய்ந்து, பாத்திரம் கருகி, நான் அதைத் தேய்த்துக் கவிழ்த்தும் ஆகிவிட்டது. நான் வாசலில் நின்று கத்துவேன்: சாப்பிட்டியாடி? கொஞ்ச நாளுக்குப் பதில் மறுநாள் வந்தது. பிறகு அடுத்த வாரம். பிறகு எந்தக் கேள்விக்கு எந்தப் பதில் என்றே தெரியாமல் போனது. சந்தையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போது, "எனக்குப் பசியில்லைங்க, நீங்க சாப்பிடுங்க" என்று கேட்கும். எந்த மாதத்துப் பசி அது? ஒரு விடிகாலையில், மிக நெருங்கி, காதுக்குள் சொல்கிற மாதிரி வந்தது: "சுவர் வச்சிட்டீங்களா?"

அன்றைக்கே கொத்தனார் முனியாண்டியைக் கூட்டிவந்தேன். அவன் கட்டினால் சுவர் அவளை உள்ளே வைத்து அடைத்துவிடாதா என்று யாரோ கேட்டார்கள். வளருகிற மண்ணுக்கு ஒரு தடை போட்டால் அது நிற்கும், நின்றால் அவள் நடந்து வந்துவிடுவாள், சுவரை நான் என் கையாலேயே இடிப்பேன் என்றேன். முனியாண்டி நூல் பிடித்தான். இரண்டு முளை அடித்து நூலைக் கட்டிவிட்டு, செங்கல்லை எடுக்கத் திரும்பினான், நூல் அறுந்தது. மறுபடி கட்டினான். முதல் வரிசையைக் கலவை போட்டு அடுக்கினான். கலவை இறுகுவதற்குள் கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே கை நுழைகிற இடைவெளி விழுந்தது, சாயங்காலம் ஆள் நுழைகிற இடைவெளி. கரண்டியைக் கழுவிக்கொண்டே சொன்னான்: "அண்ணாச்சி, மண்ணு மேல சுவர் வைக்கலாம். வந்துக்கிட்டே இருக்கிறது மேல எப்படி வைக்கிறது?"

சந்தையில் என் கடைக்கு எதிர்க்கடை நயினார், உருளைக்கிழங்கு. பகையாளி என்று சொல்ல முடியாது, ஆனால் நான் தும்மினால் அவன் சிரிப்பான். டீக்கடையில் எல்லோரும் இருக்கும்போது என்னைப் பார்த்து ஆரம்பித்தான்.

"ஏம்ப்பா சங்கையா, ஒண்ணு கேக்கணும்னு. கொசுறு அள்ளிப் போடுறவன் கை எப்ப நிக்கும்?"

"உன் வேலையைப் பாருடா."

"சொல்லு. கருவேப்பிலைக்காரி அள்ளிப் போடுறா. வாங்குறவன் என்ன பண்ணுவான்? அவ முகத்தைப் பாத்து, போதும் தாயின்னு சொல்லி, பை வாயைச் சுருட்டுவான். அவ கை நிக்கும். சொல்லலைன்னா போட்டுக்கிட்டேதான் இருக்கணும், அதான சந்தை மரியாதை? நீ விரிச்சுப் பிடிச்சே பழகின ஆளு. அந்த இடத்துக்காரன்கிட்டப் பையைச் சுருட்டுனியா?"

டீயை அவன் மூஞ்சியில் ஊற்றினேன். கண்ணாடி கிளாசும் உடைந்தது. நான்கு பேர் பிடித்து விலக்கினார்கள். அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கோபப்படாமல், "நாளைக்கு அடிச்சுக்கலாம். மொதல்ல அவனைப் போய்ப் பாரு" என்றான்.

அன்றிலிருந்து உன்னைத் தேடுகிறேன். உன் ஆபீஸ் இருந்த இடத்தில் திரைச்சீலை விற்கிறார்கள். அங்கே நின்று, கடைக்காரன் முகத்தைப் பார்த்து, "போதும்" என்று சொன்னேன். அவன் பயந்துபோய்த் தண்ணீர் கொடுத்தான். சாலையோரம் உன் பழைய விளம்பரப் பலகை ஒன்று இன்னும் நிற்கிறது, கையைக் கூப்பிக்கொண்டு சிரிக்கிறாய். அதற்கு முன்னால் நின்று, லாரிகள் போகிற சத்தத்தில் தொண்டை கிழியச் சொன்னேன். சிமென்ட் யானைகளிடம் சொன்னேன். உன் போனுக்குச் சொன்னேன், அணைத்து வைத்திருக்கிறாய் என்று ஒரு பெண் மூன்று பாஷையில் சொன்னாள். வீட்டுக்கு வந்து கதவைத் திறந்து பார்த்தால் மதில் இல்லை. வானம் முடிகிற இடத்தில் ஒரு கோடு மட்டும் இருக்கிறது. கொடுத்தவன் கேட்காத 'போதும்' செல்லாது போலிருக்கிறது.

என்மேல்தான் தப்பு என்று ஒத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். மாட்டேன். கேட்பவன் கேட்பான், அவன் தொழில் அது. இவ்வளவுதான் என்று சொல்லிக் கொடுக்க வேண்டியவன் நீ. அளவில்லாமல் கொடுப்பது தாராளம் இல்லை, அலட்சியம். உனக்கு என் கொல்லை ஒரு பொருட்டே இல்லை, அதில் காயப்போகிற சேலை ஒரு பொருட்டே இல்லை. நான் எழுந்து போகக் கூடாது, அவ்வளவுதான் உனக்கு.

போன வாரம் டீச்சர் ஆளனுப்பினார். ஓடினேன். பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்து இடம் கொடுத்தார்கள். இத்தனை நாளும் கன்றுப் பக்கமாகவும் வீட்டுப் பக்கமாகவும் மாறி மாறி நடந்துகொண்டிருந்தவள், குடத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டாள். கறிவேப்பிலை அவள் தோளுக்கு வளர்ந்து, கன்று என்று சொல்ல முடியாத மரமாக நிற்கிறது. அதற்கு முதுகைக் காட்டி, வீட்டைப் பார்த்துத் திரும்பி, கைகளை வீசி நடக்கிறாள். இனி அதற்குத் தண்ணீர் ஊற்றத் திரும்பப் போக மாட்டாள் என்று அந்த நடையைப் பார்த்தாலே தெரிகிறது. என் பெண்டாட்டியின் நடை எனக்குத் தெரியும். முடிவு செய்துவிட்டால் அவள் நிற்க மாட்டாள், விழுந்தால்தான் உண்டு. கழுத்தெலும்பு மாடியிலிருந்தே தெரிகிறது. உதடு வெடித்திருக்கிறது. "வந்துர்றாப்ல இருக்கே" என்று பக்கத்தில் ஒரு பெண் சொன்னாள். எனக்கு அவள் மண்டையில் அடிக்க வேண்டும் போலிருந்தது. மேலிருந்து பார்த்தால் அவளுக்கும் கதவுக்கும் நடுவே என் கைக்குட்டையை விரிக்கிற இடம்கூட இல்லை; கீழே வந்து கதவைத் திறந்தால் அவள் கண்ணுக்கே தெரியவில்லை.

இனி நீ எங்கே இருந்தாலும் சரி, வேறு ஊரில் வேறு பேரில் வேறு எவனுக்காவது கையை விரித்துக்கொண்டிருந்தாலும் சரி, புறப்பட்டு வா. நான் அடிக்க மாட்டேன், ஆள் வைத்திருக்க மாட்டேன், அழகுமலையையும் அடக்கி வைக்கிறேன். என் வரவேற்பறை வழியாக நடந்து, அந்தக் கதவைத் திறந்து, படியில் நின்று, என் முகத்தைப் பார். நான் சொல்ல வேண்டியதை ஒரு முறை சொல்வேன். எத்தனை பேர் முன்னால் வேண்டுமானாலும், உன் காலில் விழுந்து வேண்டுமானாலும் சொல்வேன். நீ கேட்டாக வேண்டும். கேட்டுவிட்டு உன் கையை மடக்கிக்கொள்ள வேண்டும். இவ்வளவுதான் உன் வேலை. அவள் ஒரு காலைத் தூக்கியிருக்கிறாள். அந்தக் கால் கீழே படும்போது அது என் வீட்டுப் படியாக இருக்க வேண்டும். செய்து கொடுத்துவிட்டுப் போ.